கேட்கிறவர்களாக மட்டும் இருந்துவிடாமல்: சுவிசேஷ வாசிப்பும் அன்றாடச் சீஷத்துவமும்

கடுகுவிதை (இழையைத் தொடங்கியவர்)

இயேசுவின் நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள்.

இயேசுவின் வாழ்வையும் போதனையையும் சொல்லும் நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து 89 அதிகாரங்கள் இருக்கின்றன: மத்தேயுவில் 28, மாற்குவில் 16, லூக்காவில் 24, யோவானில் 21. நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். இங்கே எழுதுகிறவர்களில் பலர் அப்படிப் பலமுறை முடித்தவர்கள் என்று அறிவேன். ஆனால், வாசித்த அதிகாரங்கள் கூடிக்கொண்டே போனாலும், கோபத்திலும் பணத்தைப் பற்றிய கவலையிலும் பிறரைக் குறித்துப் பேசும் பேச்சிலும் நாம் பழையபடியே இருக்கிறோமே என்ற உறுத்தல் நம்மில் பலருக்கு உண்டு. அதைப் பற்றியும், அன்றாடச் சீஷத்துவத்தை, அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழ்வதைப் பற்றியும் விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இயேசு மலையின்மேல் செய்த போதனையாகிய மலைப்பிரசங்கம் மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மூன்று அதிகாரங்களில் இருக்கிறது. அதை நிதானமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது. அந்தப் பிரசங்கத்தை இயேசு எப்படி முடிக்கிறார் என்று கவனியுங்கள். கன்மலையின்மேல் வீட்டைக் கட்டினவனும் மணலின்மேல் கட்டினவனும் அவருடைய வார்த்தைகளைக் கேட்டவர்களே. மழையும் பெருவெள்ளமும் காற்றும் இருவர் வீட்டின்மேலும் ஒரே விதமாக மோதுகின்றன. ஒருவன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. வேறு எந்த வித்தியாசமும் சொல்லப்படவில்லை. லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் இதே உவமைக்கு முன்னால் ஒரு கேள்வியே வருகிறது: “என்னை ஆண்டவரே! ஆண்டவரே! என்று நீங்கள் சொல்லியும், நான் சொல்லுகிறபடி நீங்கள் செய்யாமற்போகிறதென்ன?” உயிர்த்தெழுந்தபின் சீஷருக்கு அவர் கொடுத்த கட்டளையும், தாம் கட்டளையிட்ட யாவையும் மக்கள் கைக்கொள்ளும்படி உபதேசிக்க வேண்டும் என்பதே. உபதேசம் காதோடு நின்றுவிட அவர் எங்கும் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே நம் தியானநேரத்தை இன்னும் நீளமாக்குவதைவிட, வாசிக்கும் பகுதியைச் சிறிதாக்கி, அதோடு நெடுநேரம் வாழ்வதே பக்தி ஆழப்படுவதற்கு ஏற்ற வழி என்று நினைக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி போதும். காலையில் அதை மெதுவாக வாசித்து, இன்று யாரிடத்தில், எந்த வேலையில், எந்த நேரத்தில் இதைச் செய்யப்போகிறேன் என்று ஆண்டவருக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டும். இரவில் அதைக் குறித்து அவரோடு பேசி, தவறிய இடத்தை மறைக்காமல் சொல்லி, மறுநாள் அதே பகுதிக்குத் திரும்ப வேண்டும். “இன்றைக்கு அன்பாயிருப்பேன்” என்பது தீர்மானமாகாது. “என்னை எரிச்சலூட்டும் அந்த ஒருவர் பேசும்போது இடைமறிக்காமல் முழுவதும் கேட்பேன்” என்பது தீர்மானம். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

எம்மாவுப்பாதை

சகோதரரே, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் “இன்று நான் என்ன செய்ய வேண்டும்” என்று மட்டும் தேடினால், நற்செய்தியின் பெரும்பகுதியை நாம் அவசரமாகத் தாண்டிச் சென்றுவிடுவோம். ஏனெனில் நற்செய்தி முதலில் ஒருவரைப் பற்றிய செய்தி. அவர் தொழுநோயாளரைத் தொட்டார், வரிதண்டுவோருடன் உணவருந்தினார், இலாசரின் கல்லறை அருகே கண்ணீர்விட்டார். இவற்றில் நமக்கு நேரடியான கட்டளை எதுவும் இல்லை. ஆனாலும் இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனம் மாறாமல் இருக்காது.

எங்கள் கத்தோலிக்க மரபில், கார்த்தூசியத் துறவியான இரண்டாம் குய்கோ 12-ஆம் நூற்றாண்டில் இறைவாக்கு வாசிப்பை நான்கு படிகளாக விளக்கினார். முதலில் வாசித்தல், பிறகு வாசித்ததை மனத்தில் அசைபோடுதல், அதிலிருந்து எழும் செபம், இறுதியாகச் சொற்கள் ஓய்ந்து இறைவன் முன்னிலையில் இருத்தல். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார், நற்செய்தி நிகழ்வுகளுக்குள் கற்பனையால் நுழைந்து, அங்கே நிற்பவர்களைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, பிறகு இயேசுவோடு உரையாடும்படி கற்பித்தார். நாளின் முடிவில் மனச்சான்றை ஆய்ந்து பார்க்கும் வழக்கமும் அவர் வலியுறுத்தியதே. நீங்கள் சொன்ன இரவுநேர ஆய்வு அதற்கு மிக அருகில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? முதல் முறை யாக்கோபிடமும் யோவானிடமும். அவர்கள் அவருடைய வலப்புறமும் இடப்புறமும் அமரும் இடங்களைக் கேட்கிறார்கள். இரண்டாம் முறை எரிகோவின் வழியோரத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பர்த்திமேயுவிடம். அவர் பார்வையைக் கேட்கிறார். பெற்றுக்கொண்டு, எருசலேமை நோக்கிய வழியில் அவருக்குப் பின்னே செல்கிறார். நெடுநாள் உடனிருந்த சீடர் பதவியைக் கேட்க, வழியோரத்தில் இருந்தவர் சீடருக்குரியதைக் கேட்கிறார். இந்தப் பகுதியைச் செயல்பட்டியலாக வாசித்தால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் இயேசு அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்பதாக எண்ணி, உண்மையான விடை நாவில் வரும்வரை காத்திருந்தால், நம் செபங்கள் இதுவரை எதைக் கேட்டு வந்தன என்பது வெளிப்பட்டுவிடும். சில நாள்களில் அந்த விடை நமக்கே வெட்கமாக இருக்கும். அப்போதும் அவர் முன்னால் இருந்து விலகாமல் இருப்பதுதான் செபம்.

விடிவெள்ளி

இரண்டு பதிவுகளையும் வாசித்தேன், மிக்க நன்றி. என் நிலைமை வேறு. வீட்டில் சிறு குழந்தைகளும் படுக்கையில் இருக்கும் முதியவரும் இருக்கிறார்கள். காலை தியானம், மெதுவான வாசிப்பு, அமைதியான இரவு என்று நீங்கள் எழுதுவதெல்லாம் எனக்கு வேறொருவருடைய வாழ்க்கையைப் போலத் தோன்றுகிறது. ஒரு வசனத்தை முடிப்பதற்குள் யாராவது கூப்பிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கும் சீஷத்துவத்தில் வளர வழி உண்டா, அல்லது இந்தக் காலம் கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடுகுவிதை

சகோதரி, காத்திருக்க வேண்டியதில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

மாற்கு முதலாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் கழிந்த ஒரு ஓய்வுநாளின் முழு விவரமும் இருக்கிறது: ஜெப ஆலயத்தில் போதனை, அசுத்த ஆவி பிடித்தவனின் விடுதலை, சீமோனுடைய மாமியின் சுகம், சூரியன் அஸ்தமித்தபின் பட்டணத்தார் எல்லாரும் வாசலில். மறுநாள் அதிகாலை இருட்டோடே எழுந்து இயேசு தனிமையான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று வாசிக்கிறோம். ஆனால் அந்த ஜெபமும் குறுக்கீடு இல்லாமல் நடக்கவில்லை. சீமோனும் உடனிருந்தவர்களும் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். மாற்கு 6-இல் சீஷருக்கு ஓய்வு கொடுக்கப் படகில் வனாந்தரமான இடத்துக்குப் போனபோது, ஜனங்கள் அவர்களுக்கு முன்பே ஓடிவந்து அங்கே நிற்கிறார்கள். அவர்களைக் கண்டு அவர் மனதுருகினார். குறுக்கீடு அவருடைய வாழ்விலும் நாள்தோறும் இருந்தது.

அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று எண்ண வேண்டாம் என்று சொன்னபிறகே அவர் பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தார். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆதிச் சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான திதாக்கே, அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கூறுகிறது. அடிமைகளும் கூலிக்காரரும் நிறைந்திருந்த சபைகள் அவை. ஆகவே ஒரே ஒரு விண்ணப்பத்தை நாள் முழுவதும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்பதைச் சமைக்கும்போதும் ஊட்டும்போதும் சொல்லலாம். அது உங்கள் வேலைக்கு நடுவே செய்யப்படும் ஜெபம்; உங்கள் வேலையும் அதற்குள் வந்துவிடுகிறது.

மத்தேயு 25-இல் பசியாயிருந்தவனுக்குப் போஜனம் கொடுத்தவர்கள், வியாதியாயிருந்தவனை விசாரிக்க வந்தவர்கள், அதை ராஜாவுக்கே செய்தோம் என்பதை அறியாமலே செய்தார்கள். உங்கள் வீட்டில் நாள்தோறும் அதுதான் நடக்கிறது. ஆனால் இந்த வசனத்தைச் சொல்லி ஒருவர் தலைமேலேயே முழுச் சுமையையும் வைத்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தான் தனியே பணிவிடை செய்யும்படி விடப்பட்டதைக் குறித்து மார்த்தாள் ஆண்டவரிடத்திலேயே முறையிட்டாள். பல காரியங்களைக் குறித்துக் கவலைப்படுவதை அவர் அவளுக்குச் சுட்டிக்காட்டினார். ஆனால் முறையிட வந்ததற்காக அவளைத் தள்ளவில்லை. உங்கள் வீட்டாரும் சபையாரும் வாரத்தில் ஒரு மணிநேரமாவது அந்த முதியவரின் அருகில் இருந்து உங்களை விடுவித்தால், அவர்கள் செய்வதும் சீஷத்துவமே. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

திராட்சைக்கொடி

இதுவரை எழுதப்பட்டவை நன்றாக இருந்தாலும், “செய், செய்” என்ற தொனி கூடிக்கொண்டே போவதாக எனக்குப் படுகிறது. நாம் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டவர்கள். மலைப்பிரசங்கத்தை அன்றாடச் சட்டமாக்கினால், முடிந்தவர்கள் பெருமைகொள்வார்கள், முடியாதவர்கள் சோர்ந்துபோவார்கள். லூக்கா 18-இல் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்து, சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம் செலுத்திய பரிசேயன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போகவில்லை. “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்று மார்பில் அடித்துக்கொண்ட, வரி வசூலிப்பவனான ஆயக்காரனே அப்படிப் போனான். யோவான் 15-இலும், தம்மைத் திராட்சச்செடியாகவும் நம்மைக் கொடிகளாகவும் சொல்லி, “என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது” என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்கிறார். கொடி கனி கொடுக்க முயற்சி செய்வதில்லை, செடியில் நிலைத்திருக்கிறது.

கடுகுவிதை

இந்த எச்சரிப்பு தேவையானது, ஐயா. பரிசேயனுடைய ஜெபத்தில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்கலாம். தேவனிடத்தில் அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஒரு வாரம் உண்மையாக மத்தேயு 5-ஐச் செய்ய முயன்றவருக்கு அந்த நிலை வராது என்று நம்புகிறேன். சகோதரனைக் கோபித்துக்கொள்ளாமல் ஒரு நாளைக் கடக்க முயலுங்கள். மாலைக்குள் ஆயக்காரனுடைய ஜெபம் தானாகவே வாயில் வரும். கட்டளையைச் செய்யப் புறப்படுகிறவர்தான் கிருபை தமக்கு எவ்வளவு தேவை என்பதை அறிகிறார். செய்யாமலே வாசித்துக்கொண்டிருக்கிறவருக்கு அது ஒரு கோட்பாடாகவே நின்றுவிடக்கூடும்.

நீங்கள் குறிப்பிட்ட யோவான் 15-ஐ இன்னும் சில வசனங்கள் தொடர்ந்து வாசித்தால், தம்முடைய கட்டளைகளைக் கைக்கொண்டால் தம் அன்பில் நிலைத்திருப்பீர்கள் என்று இயேசுவே சொல்கிறார். நிலைத்திருத்தலையும் கீழ்ப்படிதலையும் அவர் பிரிக்கவில்லை. ஜெர்மானியப் போதகர் தீத்ரிச் போன்ஹோஃபர், 1937-இல் வெளியான மலைப்பிரசங்கம் பற்றிய தம் நூலில், சீஷத்துவம் இல்லாத கிருபையை மலிவான கிருபை என்று சாடினார். விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் நாசி அரசால் சிறைப்பிடிக்கப்பட்டு 1945 ஏப்ரல் 9 அன்று கொல்லப்பட்டார். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட விலை வரப்போவதில்லை. நமக்கு வரும் விலை, பேசாமல் விட்டுவிட வேண்டிய ஒரு பதிலடி, திருப்பிக் கேட்காமல் கொடுக்க வேண்டிய ஒரு தொகை, முதலில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரு மன்னிப்பு போன்றவையே.

நிழலில்லாவழி

மன்னிப்பைக் குறிப்பிட்டதால் கேட்கிறேன். எனக்கு நெருங்கிய ஒருவர் குடும்பத்துக்குள்ளேயே பல ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டவர். அவர் மனம் திறந்து பேசியபோதெல்லாம், “ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும்” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அன்றாடச் சீஷத்துவம் என்று சொல்லும்போது, இப்படிப்பட்டவரிடம் சுவிசேஷம் என்ன கேட்கிறது?

எம்மாவுப்பாதை

இந்தக் கேள்விக்கு மிகுந்த பொறுப்போடு விடை சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னவர்கள் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் நடுவில் ஒரு வாக்கியத்தை மட்டும் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரத்தை வரிசையாக வாசியுங்கள். முதலில், சிறியோரை இடறிவிழச் செய்பவரின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவருக்கு நல்லது என்ற கடுமையான சொல் வருகிறது. பிறகு, தவறு செய்தவரிடம் தவறை எடுத்துச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சாட்சிகளோடு செல்ல வேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் திருச்சபையிடம் கூற வேண்டும், அதையும் கேளாதவரை வெளியாராகக் கருத வேண்டும் என்று வருகிறது. இவற்றுக்குப் பின்னரே பேதுரு எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்கிறார். ஆக, மன்னிப்பு பற்றிய போதனை உண்மையை வெளியே சொல்வதற்கும் பாதுகாப்புக்கும் பிறகே வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றுக்குப் பதிலாக வைக்கப்படவில்லை.

அடுத்து வரும் உவமையில் ஒரு பணியாளருக்குப் பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியாகிறது. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. அப்படியானால் அது ஏறத்தாழ 6 கோடி நாள் கூலி, எவராலும் தீர்க்கவே முடியாத கடன். உடன் பணியாளர் அவருக்குத் தர வேண்டியதோ நூறு தெனாரியம். அந்த நூறு தெனாரியம் ஒன்றுமில்லை என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறேன், அது சரியன்று. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பின் ஊதியம் அது. இயேசு அந்த இழப்பைச் சிறுமைப்படுத்தவில்லை. நமக்கு நேர்ந்த அநீதி உண்மையான அநீதி, அதைவிடப் பெரிய இரக்கத்துக்குள் நாம் நின்றுகொண்டிருக்கிறோம் என்ற இரண்டையுமே உவமை சொல்கிறது.

ஆகவே மன்னிப்பது என்பது துன்புறுத்தியவரின் கைக்கெட்டும் தூரத்துக்குத் திரும்பிப் போவதாகாது. சட்டத்தின் உதவியை நாடாமல் இருப்பதும் ஆகாது. பழிவாங்கும் உரிமையைக் கடவுளின் கையில் விட்டுவிடுவது ஒரு செயல். உறவை மறுபடி தொடங்குவது வேறு செயல், அதற்கு மற்றவருடைய மனமாற்றம் வேண்டும். உங்கள் நண்பர் முதலில் பாதுகாப்பாக இருக்கட்டும். மன்னிக்க விரும்பும் மனத்தைத் தாரும் என்று கேட்கக்கூட முடியாத நாள்களில், அவருக்காக நீங்கள் செபியுங்கள். முடக்குவாதமுற்றவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரை வழியாக இறக்கியபோது, இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார்.

நிழலில்லாவழி

இதை அவரிடம் வாசித்துக்காட்டுவேன். நன்றி.

விடிவெள்ளி

எனக்குத் தந்த விடைக்கும் நன்றி, சகோதரரே. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சில மாதங்களாக ஜெபிக்கும்போது எந்த உணர்வும் வருவதில்லை. சொற்களைச் சொல்கிறேன், அவ்வளவுதான். இப்படி ஜெபிப்பது பாசாங்காகாதா?

திராட்சைக்கொடி

ஆகாது, சகோதரி. பிறர் காண வேண்டும் என்று ஜெபித்தவர்களையே ஆண்டவர் மாயக்காரர் என்றார். உணர்வில்லாமல் ஜெபித்தவர்களை அல்ல. மாற்கு 4-இல் மட்டும் காணப்படும் ஒரு சிறிய உவமை இருக்கிறது. ஒருவன் விதையை விதைக்கிறான். இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. முன்பு முளையும், பின்பு கதிரும், கதிரிலே நிறைந்த தானியமும் பலனாகின்றன. களைப்பு மிகுந்த உடலில் உணர்வும் களைத்திருப்பது இயல்பு. நாள்கணக்கில் தூக்கம் குறைந்திருந்தால், மருத்துவரிடமும் ஒருமுறை பேசிப் பாருங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறிய தகப்பனின் அரைகுறையான ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கலப்பை

தாமதமாக வருகிறேன். இங்கே எழுதப்பட்டவை பெரும்பாலும் தனி ஆளின் பக்தியைப் பற்றியவை. இயேசு ஒருவரைத் தனியாகப் பயிற்றுவித்ததைவிடப் பலரைச் சேர்த்துப் பயிற்றுவித்ததே அதிகம். பன்னிருவரைத் தம்மோடுகூட இருக்கும்படியாகவும் அனுப்பப்படும்படியாகவும் ஏற்படுத்தினார். அனுப்பியபோதும் இரண்டிரண்டு பேராகவே அனுப்பினார். யார் பெரியவன் என்று அவர்கள் வழியில் தர்க்கம்பண்ணியதெல்லாம் கூட இருந்ததால்தான் வெளியே வந்தது, திருத்தப்பட்டது.

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், தங்கள் கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காக மெதடிஸ்டுகள் பன்னிரண்டு பேர் அளவிலான குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வசூலிக்கப் போனவர்கள் ஒவ்வொருவருடைய ஆவிக்குரிய நிலையையும் நேரில் காண நேர்ந்தது. மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவரான ஜான் வெஸ்லி அதன் பயனை உணர்ந்து, வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரிக்கும் அமைப்பாகவே அதை ஆக்கினார். நாமும் இரண்டு மூன்று பேராகச் சேரலாம். “எத்தனை அதிகாரம் வாசித்தாய்” என்று கேட்க வேண்டாம்; “இந்த வாரப் பகுதியை எங்கே செய்ய முடிந்தது, எங்கே முடியவில்லை” என்று கேட்டால் போதும். சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. கேட்டது வெளியே போகவும் கூடாது. இந்த இரண்டும் இல்லாத குழுவில் சேராமல் இருப்பதே நல்லது.

கடுகுவிதை

நல்ல யோசனை. அப்படியானால் முதல் வாரத்துக்கு மத்தேயு 6:1-18-ஐ எடுத்துக்கொள்ளலாமா? தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் மனுஷர் காணச் செய்யாமல், அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவுக்கு முன்பாகச் செய்யும்படி சொல்லும் பகுதி அது. நம்மைப் போல எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தேவை. பக்தியைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் மனுஷர் காணும்படியான காரியமாக எளிதில் மாறிவிடும்.

கலப்பை

சம்மதம். ஆனால் அந்தரங்கத்தில் செய்ததை வார இறுதியில் குழுவில் எப்படிச் சொல்வது?

கடுகுவிதை

செய்ததைச் சொல்ல வேண்டாம். யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை வேளை உபவாசித்தோம் என்பவை பிதாவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கட்டும். மறைவாகச் செய்யும்போது மனத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் பேசுவோம்: யாராவது கவனிக்க மாட்டார்களா என்று எங்கே ஏங்கினோம், யாரும் அறியாதது எங்கே விடுதலையாக இருந்தது என்று. உடல்நலக் குறைவு உள்ளவர்களும் விடிவெள்ளி சகோதரியைப் போலப் பராமரிப்பில் இருப்பவர்களும் உணவைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவர்கள் ஜெபத்தையும் தர்மத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

விடிவெள்ளி

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னால் எழுத முடிவது இரவு பத்து மணிக்குமேல்தான்.

கலப்பை

அந்த நேரமே எனக்கும் வசதி. தனிமடலில் எழுதுகிறேன், சகோதரி; மூன்றாவதாக ஒரு சகோதரியையும் சேர்த்துக்கொண்டு திங்கள்கிழமை தொடங்கலாம்.